புறாக்கூட்டுப் பக்கத்துத் தட்டங்கள்

போதிய காலம் பேசாமல் இருந்துவிட்டேன். நீர் உயிரோடு இருக்கையில் பதினொரு வருடம். நீர் போன பிறகு இருபத்துமூன்று நாள். இந்த இருபத்துமூன்று நாளும்தான் கூடக் கனத்தன என்று சொன்னால் நீர் நம்பமாட்டீர். எண்ணிக் காட்டும் ஐசே என்பீர்.

முந்தாநாள் பின்னேரம் உம்முடைய மகள் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். மூன்று மாடி ஏறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கையில் கொண்டுவந்த துணிப்பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து என் மேசையில் வைத்தாள். ஒன்று உம்முடைய அறிக்கை. மற்றது நீலநிறப் பிளாஸ்ரிக் தட்டம் ஒன்று.

“பல்கனியில கிடந்தது அங்கிள். அப்பா இதில கற்பூரவள்ளி நட்டிருந்தவர். கழுவேக்க பாத்தன், உங்கட எழுத்து.”

விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டியில் ‘ப 3’ என்று இருந்தது. என் எழுத்துத்தான். தட்டத்தை எடுத்து மூக்கருகே பிடித்தேன். கழுவியும் மண் மணம் போகவில்லை. கற்பூரவள்ளியின் மணத்துக்கு அடியில், வெயிலில் காய்ந்து தண்ணீர் பட்ட வயல் மண்ணின் மணம் அப்படியே இருந்தது.

“முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ அங்கிள். அப்பாவோட வேலை செய்த ஆக்களில இப்ப இஞ்ச இருக்கிறது நீங்கள் மட்டும்தான். இந்த அறிக்கையின்ர சுருக்கத்தையும் போடப்போறம். அப்பா செய்ததில இதுதான் பெரிய வேலை எண்டு அம்மா சொல்லுறா.”

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். அந்த அறிக்கை பிழை என்பதை அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அதை உம்முடைய படத்துக்கு அடுத்த பக்கத்தில் அச்சடிக்கப் போகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

இதை உம்முடைய மகளும் வாசிப்பாள். உமக்குத் தெரிந்ததையும் நான் சொல்லவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளும்.

யுத்தம் முடிந்து சனம் தங்கள் காணிகளுக்குத் திரும்பிச் சில வருடங்கள் சென்றிருந்தன. நாம் வேலை செய்த நிறுவனத்தின் அலுவலகம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்தது. நாம் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் விவசாயம் படித்தவர்கள். நீர் நிரந்தர உத்தியோகத்தர், நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரன். ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அதை இன்றைக்கு விடுகிறேன்.

வவுனியாவின் ஒதுக்குப்புறத்தில் ஒரு குளத்துக்குக் கீழிருந்த வயல்களை நமக்குத் தந்தார்கள். அங்கே பன்றிநெல் ஏறிப்போயிருந்தது. பன்றிநெல்லைப் போன்ற கள்ளக் களை வேறில்லை. முளைக்கும்போதும் நெல், வளரும்போதும் நெல். கதிர் வரும்போதுதான் அதன் கறுத்த உமியும் நீண்ட கூரும் காட்டிக்கொடுக்கும். அதற்குள் காலம் கடந்துவிடும். நாம் அரிவாளை எடுக்கும் முன்பே மணிகளை மண்ணில் உதிர்த்துவிட்டு வெறுங்கதிரோடு நிற்கும். உதிர்ந்த மணி உடனே முளைக்காது. வருடக்கணக்காக மண்ணுக்குள் படுத்திருந்து, தனக்கு வசதியான நேரத்தில் எழும்பும். நெல்லைத் தப்பவிட்டு அதை மட்டும் கொல்லும் மருந்தும் கிடையாது.

பரமேஸ்வரி அக்கா வரம்பில் குந்தியிருந்து சொன்னது நினைவிருக்கிறதா?

“என்ர நெல்லின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்குது ஐயா. ஆர் என்ர பிள்ளை, ஆர் கள்ளன் எண்டு எனக்கே தெரியேல்லை.”

“நீங்கள் பெத்த பிள்ளையையே தெரியேல்லை எண்டா, எங்களை ஏன் கூப்பிட்டனீங்கள்?” என்றீர் நீர்.

“படிச்ச ஆக்களுக்குக் கண் நல்லாத் தெரியும் எண்டு நினைச்சன். ரெண்டு பேரும் கண்ணாடி போட்டிருக்கிறியள்.”

வாய்க்காலின் கடைசியில் இருந்தது அவவின் வயல். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் அதுவரை வராது. ஆகவே மாரி மழையை நம்பும் காலபோகத்தில் நெல்லும் கோடைச் சிறுபோகத்தில் பயறுமாக மூன்று வருடம் மாற்றி மாற்றிச் செய்திருந்தா. அடுத்த வயல்காரருக்குத் தண்ணீர் தாராளம். அவர் இரண்டு போகமும் நெல்தான். இடையில் ஒரு வரம்பு. மண் ஒன்று, மழை ஒன்று. நாம் தேடித் திரிந்த ஒப்பீடு தானாகவே நமக்கு முன்னால் கிடந்தது.

ஒரே பயிரை ஒரே வயலில் போகத்துக்குப் போகம் போட்டால், அந்தப் பயிரைப் போலவே வாழப் பழகிய களைக்குத்தான் வாழ்வு. நெல்லுக்குத் தண்ணீர் கட்டும்போது அதற்கும் கட்டுகிறோம். நெல்லுக்கு உரம் போடும்போது அதற்கும் போடுகிறோம். பயிரை மாற்றினால் அதன் காலக்கணக்கு குழம்பும். தண்ணீர் இல்லை, விதைக்கும் மாதம் வேறு, பயற்றின் அகல இலைகளுக்கு நடுவே மெல்லிய நெல்லிலை தூரத்திலேயே தெரியும். உதிர்க்கும் முன்பு பிடுங்கிவிடலாம். களையே இல்லாமல் போகும் என்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை. பயற்று வயலில் கோரை வரும், வேறு புல்லும் வரும். ஆனால் எந்தக் களையும் அங்கே காணி உறுதி எழுதிக்கொண்டு குடியிருக்க முடியாது. அவ்வளவுதான் நாம் சொன்னது.

ஆனால் அது கண்ணுக்கு உடனே தெரிவதில்லை. பயற்றுக்காக மண்ணைக் கிளறியதும் தூங்கிக் கிடந்த விதையெல்லாம் ஒரேயடியாக முளைக்கும். பார்க்கிறவனுக்குக் களை கூடிவிட்டது போலத்தான் இருக்கும். கொழும்பிலிருந்து பார்க்க வந்த பெரியவர்கள் பரமேஸ்வரி அக்காவின் வயலைக் கண்டு சிரித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வரம்பில் நின்று நீர் சொன்னீர்: “வயலில நிக்கிறதை எல்லாரும் எண்ணுவினம் ஐசே. மண்ணுக்க கிடக்கிறதை ஆர் எண்ணுறது?”

நாம்தான் எண்ணினோம். இரண்டு வயல்களிலும் பல இடங்களில் மண் எடுத்து, வெவ்வேறாகக் கலந்து, இரண்டு உரப்பைகளில் கட்டி ரயிலில் கொண்டுவந்தோம். எதிரே இருந்த ஒரு மனிதர் பைகளைப் பார்த்து, “கோயில் மண்ணோ?” என்று பக்தியோடு கேட்டார். “ஓம், நேத்திக்கடன்” என்றீர் நீர், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அவர் தொட்டுக் கும்பிட்டார். மருதானையில் இறங்கும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

உம்முடைய வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கூரையில் மண் வைக்க நிர்வாகக் குழு விடவில்லை. நான் இருந்த கட்டிடத்தின் தட்டைக் கூரை கிடைத்தது. இருபத்துநான்கு நீலத் தட்டங்கள் வாங்கினோம். மண்ணை மெல்லியதாகப் பரப்பித் தண்ணீர் தெளித்து, முளைப்பதை எண்ணிப் பிடுங்கி, திரும்பக் கிளறி, திரும்பத் தண்ணீர் தெளிக்கவேண்டும். மண்ணில் உள்ள விதை தீரும்வரை, மாதக்கணக்காக. பரமேஸ்வரி அக்காவின் மண் பன்னிரண்டு தட்டங்களில், பட்டியில் ‘ப’. அயல் வயல் மண் பன்னிரண்டில், ‘அ’.

இரண்டாம் மாடியில் இருந்த அந்தோனி அண்ணை கூரையில் புறா வளர்த்தார். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். நாம் தட்டங்களைச் சுமந்து ஏறியபோது கூட்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“என்ன மாத்தயா, கொட்டாஞ்சேனையில வயல் செய்யப் போறீங்களா? குளம் வேணாமா?”

“குளம் வெட்ட உங்களைத்தான் நம்பியிருக்கிறம் அண்ணை.”

“வெட்டுவோமே. சல்லிய மட்டும் முன்னுக்கு வைங்க.”

அன்றைக்கு நீர் அவசரமாக அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. படியில் இறங்கியவர் திரும்பிவந்து சொன்னீர். “கலந்து வையும். ஒரு மண்ணை ஒரு பக்கமா அடுக்காதையும். ஒரு பக்கம் வெயில், மற்றப் பக்கம் நிழல் எண்டால் கணக்கு உதவாது.”

நான் கலக்கவில்லை. ‘ப’ தட்டங்களைப் புறாக்கூட்டுப் பக்கமும் ‘அ’ தட்டங்களைப் படிக்கட்டுப் பக்கமுமாக அடுக்கினேன். கலந்தால் எண்ணும்போது குழம்பும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மை வேறு. களைத்துப்போயிருந்தேன். ஒப்பந்தக்காரனின் சம்பளத்துக்கு இவ்வளவு போதும் என்றும் நினைத்தேன். “கலந்தீரோ?” என்று தொலைபேசியில் கேட்டீர். ஓம் என்றேன். அந்த மாதங்களில் நீர் பெரும்பாலும் வவுனியாவில் இருந்தீர். கூரைக்கு இரண்டு தரம்தான் வந்தீர். இரண்டு தரமும் பட்டிகள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. திருப்பி வைத்தவன் நான்.

ஆனால் எண்ணியதில் நான் ஏமாற்றவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன், குந்தியிருந்து, தட்டம் தட்டமாக எண்ணிக் கொப்பியில் எழுதினேன். நீர் வந்த ஒரு சனிக்கிழமை பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பாதர், செபமாலை உருட்டுறது போலயல்லோ எண்ணுறீர்” என்றீர். அன்றிலிருந்து நான் உமக்குப் பாதர். பன்றிநெல்லின் முளை நெல்முளையிலிருந்து வித்தியாசப்படாது என்பதால் நாம் ஒரு விதி வைத்திருந்தோம்: நெல்லைப் போல முளைப்பதெல்லாம் பன்றிநெல். வெட்டும்போது சிந்திய நல்ல நெல் மண்ணுக்குள் இத்தனை மாதம் உயிரோடு கிடக்காது, ஆகவே மிஞ்சி முளைப்பது கள்ளன்தான். வயலில் அது சரியான விதி.

கணக்கு நமக்கு எதிராக வந்தது. பயறு மாற்றிப் போட்ட மண்ணிலும் மாற்றாத மண்ணிலும் பன்றிநெல் ஒரே அளவு. சில தரம் ‘ப’ தட்டங்களில் அதைவிட அதிகம். தொலைபேசியில் உமக்குச் சொன்னேன்.

“திரும்ப எண்ணும்.”

எண்ணினேன். அதே கணக்கு.

“அப்ப நாங்கள் நினைச்சது பிழை. இருக்கிறதைத்தான் எழுதவேணும் ஐசே.”

அப்படித்தான் எழுதினீர். உமக்குப் பிடித்த முடிவுக்கு எதிராக, என் கொப்பியை நம்பி. பயிர் மாற்றுவதால் இந்தக் களை குறையவில்லை, நிறுவனம் வயல்காரருக்கு இலவசமாக விதைப் பயறு கொடுக்கும் வேலையைத் தொடர்வதற்குக் காரணம் இல்லை என்று.

அச்சாகி வந்த அறிக்கையை வெள்ளவத்தை அலுவலகத்தில் உம்முடைய மேசையில் இருந்துதான் எடுத்துப் பார்த்தேன். முகப்பில் உம்முடைய பெயர். உள்ளே நன்றிப் பக்கத்தில் வாகனச் சாரதியின் பெயரும் தேநீர் கொடுத்த பிள்ளையின் பெயரும் இருந்தன. என்னுடையது இல்லை.

“மேலிடம் ஒப்பந்தக்காரர்ட பேர் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது. நான் என்ன செய்ய?”

“நீர் அவையோட கதைச்சுப் பாத்தீரோ?”

“இதுக்கெல்லாமோ ஐசே?”

அந்த ஒரு சொல்லை நான் பதினொரு வருடம் சுமந்தேன். இதுக்கெல்லாமோ. உம்மிடம் பெயர் இருந்தது. இருப்பவனுக்கு அது ஒன்றுமில்லை. நாலு மாதம் முழங்கால் வீங்கக் குந்தியிருந்து எண்ணியவனுக்கு அது மட்டும்தான் கூலி. அது பிழை. நீர் போய்ச் சேர்ந்துவிட்டீர் என்பதற்காக அதைச் சரி என்று எழுத என்னால் முடியாது.

இரண்டு நாள் கழித்துத் தட்டங்களைக் கொட்டிக் கழுவலாம் என்று கூரைக்கு ஏறினேன். கடைசிச் சுற்றின் முளைகள் இன்னும் பிடுங்காமல் நின்றன. அந்தோனி அண்ணை கூட்டைத் திறந்துவிட்டு ஒரு தகரப் பேணியிலிருந்து அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தார். புறாக்கள் ஒன்றையொன்று தள்ளி இறங்கின. அவற்றின் சிறகடிப்பில் சீமெந்துத் தரையில் கிடந்த தீனி சிதறியது. என் ‘ப’ தட்டங்களின் விளிம்பில் அது டிக் டிக் என்று பட்ட சத்தம் கேட்டது. கிட்டப்போய் குனிந்தேன். நெல். உமியோடு முழு நெல்.

“ஏன் மாத்தயா அப்பிடி பாக்கிறீங்க? பறவைக்கு நெல்லுதானே போடுறேன், விஷமா போடுறேன்?”

நாலு மாதமும் நான் வேலைக்குப் போன பிறகு தினமும் அவர் அப்படிப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஒரு ‘ப’ தட்டத்தின் முளைகளை வேர் அறாமல் மெதுவாகத் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். வேரோடு விதையின் உமி ஒட்டியிருந்தது. வைக்கோல் நிறம், கூர் இல்லை. கடையில் விற்கும் சாதாரண நெல். அடுத்த தட்டமும் அப்படியே. பன்னிரண்டு தட்டங்களையும் பார்த்தேன். கறுத்த உமியோடு கிடைத்தவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கின. பிறகு படிக்கட்டுப் பக்கம் போய் ‘அ’ தட்டங்களை அலசினேன். அங்கே முளைக்கு முளை கறுத்த உமி, நீண்ட கூர்.

நீர் நினைத்தது சரி. மூன்று வருடப் பயறு அந்த மண்ணிலிருந்த பன்றிநெல்லை ஏறக்குறைய துடைத்து எடுத்திருந்தது. அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான் தட்டங்களைக் கலக்காமல் வைத்தது. கலந்திருந்தால் கூட்டுக்குக் கிட்ட இருந்த இரண்டு மண்ணிலும் நெல் விழுந்து, ஒரே மண்ணின் தட்டங்களுக்குள்ளேயே கணக்கு கோணியிருக்கும், எங்கோ பிழை என்று அப்போதே கண்டிருப்போம்.

அலசிய முளைகளை ஒரு பத்திரிகைத் தாளில் மடித்தேன். மறுநாள் உம்மிடம் கொண்டுவரவேண்டும் என்றுதான் மடித்தேன். மடித்துக்கொண்டிருக்கையில் ‘இதுக்கெல்லாமோ’ என்ற குரல் காதில் வந்தது. பொட்டலத்தைக் கூரைச் சுவருக்கு மேலால் வீசினேன்.

அடுத்த கிழமை அறிக்கையை ஏற்கும் கூட்டம். நீள மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தோம். நீர் வாசித்து முடித்துவிட்டு, கடைசியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தீர். எல்லோர் முன்னிலையிலும் கேட்டீர்: “எண்ணினது இவர்தான். நீர் ஏதும் சொல்லவேணுமோ?”

பெயர் போடாததற்கு அது உம்முடைய பரிகாரம் என்று பிறகு விளங்கியது. அன்றைக்கு அது எனக்குப் பிச்சையாகத் தெரிந்தது. அறிக்கை உம்முடையது, பிழையும் உம்முடையதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“ஒண்டும் இல்லை” என்றேன்.

அந்த வருடத்தோடு விதைப் பயறு கொடுப்பது நின்றது. என் ஒப்பந்தமும் நின்றது. கழுவிய தட்டங்களை அலுவலகத்தில் ஒப்படைத்தேன், ‘ப 3’ உம்முடைய பல்கனிக்கு வந்தது அங்கிருந்தாகத்தான் இருக்கவேண்டும். களைநாசினி இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் போத்தல்களுக்குத் தமிழ் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ பதினொரு வருடமாக அதைத்தான் எழுதுகிறேன். தவக்காலம்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், இதைச் சொன்னதில்லை. சொன்னால் குருவானவர் நாலு செபம் சொல்லச் சொல்லி மன்னித்துவிடுவார், அவ்வளவு மலிவாக இது முடிந்துவிடும் என்ற பயம்.

நீர் நோயாகக் கிடக்கிறீர் என்று கேள்விப்பட்டு வெள்ளவத்தைக்கு வந்தேனே, அதுதான் கடைசி. கடற்பக்க ஜன்னல் ஓரம் கட்டில் போட்டிருந்தார்கள். கீழே ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருந்த மருந்துப் போத்தல்கள் அதிர்ந்தன. நீர் பாதியாகிப் போயிருந்தீர். ஆனாலும் பாதர் என்றுதான் கூப்பிட்டீர்.

“அந்தத் தட்டக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கேல்லை ஐசே.”

“எந்தத் தட்டம்?” என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்கு அருவருத்தது.

“உம்மட கூரையில வச்சது. எங்கையோ நான்தான் பிழை விட்டிருக்கிறன். மண் எடுத்த இடமோ, ஆழமோ. பரமேஸ்வரி அக்கா பிறகு ஒருக்கா ரெலிபோன் எடுத்தவ. பயறை விட்டாப் பிறகு பன்றிநெல் ஏறிப்போச்சாம். அப்ப பயறு அதை அடக்கித்தானே வச்சிருந்திருக்கவேணும்?”

“நான் எண்ணினதில பிழை இருந்திருக்கலாம்” என்றேன். அவ்வளவு தூரம் வந்தேன்.

நீர் தலையை அசைத்தீர். “எண்ணினது பிழையாயிராது. எண்ணினது நீர்.”

இன்னும் ஒரு வசனம்தான் நான் சொல்லவேண்டியிருந்தது. உம்முடைய மனைவி தேநீர் கொண்டுவந்தா. நான் குடித்தேன். பழசை விடும் என்றேன். பிறகு பஸ் ஏறினேன். என்னைக் குற்றஞ்சாட்ட எல்லா நியாயமும் இருந்த மனிதர் என்னை மட்டும் விட்டுவிட்டு, தன்னுடைய மண், தன்னுடைய ஆழம், தன்னுடைய இடம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே செத்துப்போனார். பெயரை விட்டது பிழை என்று மேலே எழுதினேன். அதற்கு நான் வாங்கிய பழி இதுதான் என்றால், கூடுதலாக வாங்கிவிட்டேன்.

நேற்றுக் காலை பழைய கொப்பியில் பரமேஸ்வரி அக்காவின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். அதே இலக்கம், அவவே எடுத்தா. நீர் காலமானதைச் சொன்னேன்.

“கண்ணாடி போட்ட ரெண்டு பேரில எந்த ஆள்?” என்று கேட்டா. சொன்னேன். “ஐயோ, அந்த நல்ல மனுசன்” என்றா. அது எனக்குப் பட்டது. படவேண்டியதுதான்.

பயறு எப்போது விட்டீர்கள் என்று கேட்டேன்.

“விதைப் பயறு வராட்டியும் நான் வாங்கிப் போட்டிருப்பன் தம்பி. ஐயா வந்து, கணக்குப்படி பயன் இல்லை அக்கா, வீணாச் செலவழியாதேங்கோ எண்டு சொன்னவர். ஐயா பிழையாச் சொல்லமாட்டார் எண்டுதான் விட்டனான். பிறகு ரெண்டு சிறுபோகம் சும்மா கிடந்தது. நெல்லில பாதி பன்றிநெல்லாப் போச்சு. மில்காரன் சிவப்பரிசி கலக்குது எண்டு எடுக்கமாட்டன் எண்டுட்டான். இப்ப குத்தகைக்குக் குடுத்திருக்கிறன்.”

“அக்கா, அந்தக் கணக்கு பிழை. பிழை ஐயாவின்ரை இல்லை, என்ர. பயறு வேலை செய்தது. எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவே தெரியுமோ?”

“ஓம்.”

“தெரிஞ்சும் சொல்லேல்லையோ?”

“சொல்லேல்லை.”

திட்டுவா என்று காத்திருந்தேன். பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. யாரையோ அதட்டினா. பிறகு குரல் மாறிக் கேட்டா, கடையில் சாமான் விலை கேட்பது போல.

“குத்தகை தையோட முடியுது. சிறுபோகத்துக்குப் பயறு போட்டா அடங்குமோ?”

“ஒரு போகத்தில அடங்காது அக்கா. மூண்டு சிறுபோகம் விடாமல் போடுங்கோ. முதல் முறை கூடத்தான் முளைக்கும். அதைக் கண்டு விட்டிடாதேங்கோ, அது மண்ணுக்க கிடந்தது வெளியால வாறது. கதிர் வரமுதல் பிடுங்கினாப் போதும்.”

“மூண்டு வருசம்” என்றா. “எனக்கு இப்ப அறுபத்தொண்டு தம்பி.”

தொலைபேசியை வைத்துவிட்டா. வணக்கம் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. உமக்கு நான் சொல்லத் தவறியதன் எடை அந்த அறுபத்தொன்றைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஐம்பது வயதில் அவவுக்கு இருந்த நல்ல நிலத்தை நான் என் வாயை மூடி எடுத்துவிட்டேன்.

உம்மிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதைச் சொல்லவேண்டும், நினைவு மலருக்கு அதுதானே வழக்கம். சுத்தமாகத் தெரியும் வயலை நான் இப்போதும் நம்புவதில்லை. ரயிலில் போகும்போது பச்சையாக ஒரே சீராக நிற்கும் வயலைக் கண்டால், அடியில் என்ன கிடக்கிறது, போன போகம் இங்கே என்ன நின்றது என்று மனம் கேட்கிறது. மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். என்னையும். ஒரே கோபத்தைப் போகத்துக்குப் போகம் அதே மண்ணில் போட்டவன் நான். அதற்குள் என்ன குடியேறியது என்று நீர் எண்ணியிருந்தால் சரியாக எண்ணியிருப்பீர்.

உம்முடைய மகளிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். அறிக்கையின் சுருக்கத்தை மலரில் போடவேண்டாம். போடுவதென்றால் அதற்குப் பக்கத்தில் இதையும் போடவேண்டும். அப்பாவின் மண்ணும் சரி, ஆழமும் சரி, இடமும் சரி. அவர் முதலில் நினைத்ததும் சரி. அவர் நேர்மையாக எழுதிய பிழை அது, அவருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு பிழை என்பதால்.

நான் பார்த்த நினைவு மலர்களில் எல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவரின் பெயர், பட்டம், வகித்த பதவி, இப்போது வாழும் நாடு எல்லாம் இருக்கும். சில பக்கங்களில் செத்தவரைப் பற்றிய வரிகளைவிட அவை கூட. என் பெயரை இதன் அடியில் போட்டால் நம் இருவரையும் அறிந்தவர்கள் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். ‘ஓ, அவருக்கு அந்தப் பழைய கோபம்’ என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். பரமேஸ்வரி அக்காவின் வயல் இன்னொரு முறை என் பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும். இதை எழுதியது யார் என்று உம்முடைய மகளுக்குத் தெரியும், அவள் வந்து கேட்டால் கதவைத் திறந்து ஓம் என்பேன். மற்றவர்களுக்குத் தெரியவேண்டியது எந்த மண்ணில் என்ன இருந்தது என்பது மட்டும்தான்.

பதிவுத் தபால் என்றால் அனுப்புபவரின் பெயர் கேட்பார்கள். ஆகவே சாதாரண முத்திரை ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோரில் போட்டுவிடுவேன். அடியில் ஒன்றும் எழுதவில்லை.